சிறு பலகையில் தொகுத்தல்: ராஸ்பெரி பையும் பிளான் 9 இயங்குதளமும்

2012 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்த ராஸ்பெரி பை என்ற சிறு பலகைக் கணினியின் முதல் ‘பி’ மாதிரியில் 700 மெகாஹெர்ட்ஸ் ஆர்ம் செயலி ஒன்றும் 256 மெகாபைட் நினைவகமும் மட்டுமே இருந்தன. அதிலேயே லினக்ஸ் கெர்னலைத் தொகுக்கப் பல மணி நேரம் பிடிக்கும். எனவே பெரிய கணினியில் வேறு செயலிக்கான நிரலைத் தரும் கிராஸ் கம்பைலரை நிறுவி, அங்கே தொகுத்ததைப் பலகைக்கு மாற்றுவது வழக்கமாயிற்று. வன்பொருளின் போதாமையே இதற்குக் காரணம் என்பது பொதுக் கருத்து. அது பாதி உண்மை. மறுபாதி கம்பைலரின் வடிவமைப்பில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். அதற்குச் சான்று பிளான் 9.

பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், ராப் பைக் முதலியோர் உருவாக்கிய இந்த இயங்குதளம் 1992இல் பல்கலைக்கழகங்களுக்கு வழங்கப்பட்டது. பின்னாளில் ரிச்சர்ட் மில்லர் இதை ராஸ்பெரி பையில் இயங்கச் செய்தார். 2021இல் நோக்கியா இதன் உரிமையைப் பிளான் 9 அறக்கட்டளைக்கு அளித்தது. இன்று எம்ஐடி உரிமத்தின் கீழ் எவரும் இதன் மூலநிரலைப் படிக்கலாம், திருத்தலாம்.

லினக்ஸில் வழக்கமாகப் பயன்படும் ஜிசிசி கம்பைலர் எந்தச் செயலிக்கு நிரல் தரும் என்பது அதைக் கட்டமைக்கும்போதே முடிவாகிவிடுகிறது. வேறு செயலிக்கு வேண்டுமானால் லிங்கர், தலைப்புக் கோப்புகள், நூலகங்கள் என ஒரு தொகுதியையே தனியாகத் திரட்ட வேண்டும். பிளான் 9இல் செயலிக்கு ஒரு கம்பைலர்: 32 பிட் ஆர்முக்கு ‘5சி’, 64 பிட் ஆர்முக்கு ‘7சி’, 32 பிட் இன்டெலுக்கு ‘8சி’. இவை பிளான் 9 இயங்கும் எந்தக் கணினியிலும் ஓடும். ‘5சி’ தரும் கோப்பின் பெயர் ‘.5’ என்றும், ‘8சி’ தருவது ‘.8’ என்றும் முடிவதால் இரண்டும் ஒரே அடைவில் மோதலின்றி இருக்கலாம். ‘ஆப்ஜ்டைப்’ என்ற மாறியில் ‘ஆர்ம்’ என்று குறித்து ‘எம்கே’ என்ற தொகுப்புக் கட்டளையை இட்டால் போதும், இன்டெல் கணினியிலேயே பலகைக்கான நிரல் தயார். பலகையிலேயே தொகுப்பவரும் அதே கட்டளையைத்தான் இடுகிறார்.

வேகத்துக்கான காரணங்களும் வடிவமைப்பிலேயே உள்ளன. பிளான் 9இன் மரபில் ஒரு தலைப்புக் கோப்பு இன்னொன்றை உள்ளிழுப்பதில்லை. ஆகவே ஒரே வரிகளைக் கம்பைலர் திரும்பத் திரும்பப் படிக்க நேர்வதில்லை. எந்த நூலகத்தை இணைக்க வேண்டும் என்பதைத் தலைப்புக் கோப்பில் உள்ள ‘பிராக்மா’ வரியே லிங்கருக்குச் சொல்லிவிடுகிறது. இறுதி இயந்திரக் கட்டளைகளை உருவாக்குவதும் லிங்கரின் வேலை. இத்தகைய சிக்கனத்தால் பலகை தன் கெர்னலைத் தானே தொகுத்து, எஸ்டி அட்டையில் எழுதி, மறுதொடக்கம் செய்ய முடிகிறது.

இரு இடங்களிலும் விளைவு ஒன்றுதானா என்று சோதிப்பது எளிது. ஒரே நிரலைப் பலகையிலும் இன்டெல் கணினியிலும் ‘5சி’, அதற்கான லிங்கர் ‘5எல்’ ஆகியவை கொண்டு உருவாக்கி, ‘சிஎம்பி’ கட்டளையால் பைட் பைட்டாக ஒப்பிடலாம். கெர்னலுக்கு மட்டும் இச்சோதனை அப்படியே பொருந்தாது. தொகுத்த நேரம் அதனுள் பதியப்படுவதால் அங்கே வேறுபாடு தோன்றும்.

இரண்டு மறுப்புகளுக்கு விடை சொல்ல வேண்டும். ஓபன்பிஎஸ்டி இயங்குதளக் குழுவினர் ஒவ்வொரு வகைக் கணினிக்கும் அதிலேயே தொகுப்பதை வற்புறுத்துகின்றனர். தொகுப்பதே அக்கணினிக்கும் கெர்னலுக்கும் கடும் சோதனை என்பது அவர்கள் வாதம். அது சரியான வாதமே. ஆனால் சிறு பலகையில் அச்சோதனையைத் தாங்கக்கூடியதாக்குவது எளிய கம்பைலர்தான். இரண்டாவது மறுப்பு கனமானது. பிளான் 9 கம்பைலர்கள் ஜிசிசி அளவுக்கு நிரலைச் செம்மைப்படுத்துவதில்லை. அந்த இயங்குதளத்துடன் சி++ கம்பைலரும் வருவதில்லை. எனவே இன்றைய பெரிய இணைய உலாவிகளை அங்கே கொண்டுவருவது மிகக் கடினம். இந்த இழப்பை மறைக்க வேண்டியதில்லை. எளிமைக்குக் கொடுத்த விலை அது.

இந்த வடிவமைப்பு பிளான் 9உடன் முடிந்துவிடவில்லை. 2009இல் அறிவிக்கப்பட்ட கோ நிரல்மொழியின் தொடக்கக் கருவிகள் இதே கம்பைலர்களின் வழி வந்தவை. 2015இல் கோ 1.5 அவற்றைக் கோ மொழிக்கே மாற்றியது. ஆனாலும் இலக்கு இயங்குதளத்தையும் செயலியையும் இரண்டு மாறிகளில் குறித்தாலே போதும் என்ற வசதி இன்றும் தொடர்கிறது. கம்பைலர் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் மலிவான ஒரு பலகையில் பிளான் 9ஐ நிறுவி, ‘5சி’யின் மூலநிரலை மாணவர்களோடு சேர்ந்து படிக்க வேண்டும். தான் இயக்கும் கணினியின் இயங்குதளத்தை முழுதாகத் தன் கையால் தொகுத்துப் பார்க்கும் வாய்ப்பை ஒரு மாணவருக்கு இதைவிடக் குறைந்த செலவில் தருவது கடினம்.