கண்ணுக்குத் தெரியாத வெப்பம்: காப்பதும் அளப்பதும்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

கொரோனா நாட்களில் கடை வாசலிலும் வங்கி வாசலிலும் நம் நெற்றிக்கு நேரே ஒரு கருவியை நீட்டினார்கள். அதிலிருந்து வரும் கதிர் மூளையைக் கெடுக்கும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றியது. நெற்றியைக் காட்டப் பயந்து கையை நீட்டியவர்கள் பலர். அந்தப் பயம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கக்கூட அந்தக் கருவியை வேண்டாம் என்கிறார்கள். அந்தப் பயத்துக்குப் பதில் 1800ஆம் ஆண்டிலிருந்து தொடங்கும் ஒரு வரலாற்றில் இருக்கிறது.

வில்லியம் ஹெர்ஷல் ஜெர்மனியின் ஹானோவரில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறியவர். தொழில் இசை, ஆர்வம் வானம். 1781இல் யுரேனஸ் கோளைக் கண்டுபிடித்தவர் இவர்தான். சூரியனைத் தொலைநோக்கியில் பார்க்கும்போது கண்ணைக் காத்துக்கொள்ள நிறக் கண்ணாடிகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். சில கண்ணாடிகளில் வெளிச்சம் குறைவு, ஆனால் சூடு உறைத்தது. வேறு சிலவற்றில் வெளிச்சம் அதிகம், சூடு குறைவு. அப்படியானால் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒவ்வொரு அளவு வெப்பம் உண்டோ என்ற கேள்வி பிறந்தது.

முப்பட்டகத்தால் சூரிய ஒளியைப் பிரித்து, குமிழில் கறுப்பு பூசிய வெப்பமானியை ஒவ்வொரு நிறத்திலும் வைத்தார். ஒப்பிட்டுப் பார்க்க, ஒளி படாத இடத்திலும் வெப்பமானிகளை வைத்தார். ஊதாவில் 2 பாரன்ஹீட் டிகிரி ஏறியது. பச்சையில் மூன்றேகால், சிவப்பில் ஏறக்குறைய 7. பிறகு சிவப்புக்கும் அப்பால், வெளிச்சமே இல்லாத இடத்தில் வைத்தார். அங்கே இன்னும் கூடுதலாக ஏறியது! கண்ணுக்குத் தெரியாத ஒரு கதிர் அங்கே இருந்தது. அதைத்தான் இன்று அகச்சிவப்புக் கதிர் என்கிறோம். கவனியுங்கள், வெப்பத்திலிருந்து கண்ணைக் காக்கப் போனவர்தான் வெப்பத்தை அளக்கும் புதிய வழியைத் திறந்துவிட்டார்.

பாதரச வெப்பமானி மெதுவானது. 1821இல் தாமஸ் சீபெக், இரண்டு வேறு உலோகங்களை இணைத்து ஓர் இணைப்பை மட்டும் சூடாக்கினால் மின் விளைவு உண்டாகிறது என்று கண்டார். இத்தாலியர்களான நோபிலியும் மெல்லோனியும் அத்தகைய இணைப்புகள் பலவற்றை அடுக்கி வெப்பமின் அடுக்கு என்ற கருவியைச் செய்தார்கள். சுமார் 30 அடி தூரத்தில் நிற்கும் மனிதரின் உடல் சூட்டை அது உணர்ந்தது. 1880ஐ ஒட்டி அமெரிக்காவில் சாமுவேல் லாங்லி, மெல்லிய பிளாட்டினப் பட்டைகளைக் கொண்டு போலோமீட்டர் என்ற கருவியை உருவாக்கினார். கால் மைல் தொலைவில் நிற்கும் ஒரு பசுவின் சூட்டையும் அது காட்டியதாம்.

இனி காக்கும் பக்கம் வருவோம். வெப்பம் பரவும் வழி மூன்று. வகுப்பில் ஒப்பித்தது நினைவிருக்கிறதா? கடத்தல், சலனம், கதிர்வீச்சு. 1892இல் லண்டனில் ஜேம்ஸ் டூவார், மிகக் குளிர்ந்த திரவ வாயுக்களைச் சேமிக்க இரட்டைச் சுவர்க் கண்ணாடிக் குடுவை செய்தார். சுவர்களுக்கு நடுவே வெற்றிடம் இருந்ததால் கடத்தலும் சலனமும் அடங்கின. கதிர் மட்டும் வெற்றிடத்தையும் தாண்டும். அதைத் திருப்பி அனுப்பத்தான் உள்ளே வெள்ளிப் பூச்சு. டூவார் காப்புரிமை வாங்கவில்லை. 1904இல் ஜெர்மனியில் அது தெர்மாஸ் என்ற பெயரில் வணிகத்துக்கு வந்தது. இன்று நாம் காபி ஊற்றி வைக்கும் பிளாஸ்க் அதுதான். தீயணைப்பு வீரரின் அலுமினியம் பூசிய உடையும், நிலவுக்குப் போனவர்களின் தலைக்கவசத்தில் இருந்த தங்கப் பூச்சும் இதே தத்துவம்தான்.

இப்போது நெற்றிக் கருவிக்கு வருவோம். சூடுள்ள எந்தப் பொருளும் அகச்சிவப்புக் கதிரை வெளிவிடும். நீங்களும் நானும் இந்த நொடியில் வெளிவிட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். அந்தக் கருவி நம்மிடமிருந்து வரும் கதிரை வாங்கிக்கொள்கிறது. அதன் உள்ளே இருப்பது பெரும்பாலும் மெல்லோனியின் வெப்பமின் அடுக்கின் சிறிய வடிவமே. அது டார்ச் விளக்கு அல்ல, கண்ணைப் போன்றது. கண் பார்ப்பதால் பார்க்கப்படும் பொருளுக்குக் கேடு வருமா? நெற்றிக்கென்று செய்த கருவிக்குக் கையைக் காட்டினால்தான் சிக்கல். கை பெரும்பாலும் நெற்றியைவிடக் குளிர்ந்திருக்கும், காய்ச்சல் இருந்தாலும் தெரியாமல் போகலாம். வெயிலிலிருந்து வந்தவுடன் நெற்றியில் வைத்தாலும் அளவு தவறும். சற்று நேரம் நிழலில் இருந்துவிட்டு, வியர்வையைத் துடைத்துவிட்டுப் பாருங்கள்.

காப்பதும் அளப்பதும் இரட்டைப் பிள்ளைகள் என்பதற்குப் பெரிய சாட்சி இன்று விண்வெளியில் இருக்கிறது. 2021 டிசம்பரில் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அகச்சிவப்புக் கதிரைக் கொண்டு வானத்தைப் பார்க்கிறது. சூரியனின் சூடு பட்டால் தொலைநோக்கியே கதிர் வீசத் தொடங்கி, தொலைவிலிருந்து வரும் மெல்லிய கதிரை மறைத்துவிடும். ஆகவே டென்னிஸ் மைதானம் அளவுள்ள, அலுமினியம் பூசிய 5 அடுக்குத் திரை அதற்குக் குடை பிடிக்கிறது. ஹெர்ஷல் கண்ணுக்கு முன்னே வைத்த நிறக் கண்ணாடியின் வேலையும் இந்தத் திரையின் வேலையும் ஒன்றுதான்.

வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தால், ஹெர்ஷல் போல ஒரு கேள்வி கேளுங்கள்: கதிர் எங்கிருந்து எங்கே போகிறது? பேரப்பிள்ளைகளிடம் பழைய பிளாஸ்க்கின் உள்ளே காட்டி, ஏன் பளபளக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். அவர்கள் சொல்லும் பதிலைக் கீழே எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.