இ-வே பில் அறிமுகம் (2018)
ஜிஎஸ்டி முறையில், ரூ.50,000-க்கு மேற்பட்ட சரக்கை ஏற்றிச்செல்ல இணையத்தில் எடுக்கும் சீட்டு. மென்பொருள் தேசிய தகவலியல் மையத்துடையது. 2017 ஜூலையில் சோதனைச் சாவடிகள் எடுக்கப்பட்டுவிட்டதால், தாமதித்தால் வரி ஏய்ப்பு பெருகும் என்ற அவசரம் இருந்தது. ஜனவரி 16-இல் சோதனை ஓட்டம். பிப்ரவரி 1-இல் நாடு முழுவதும் கட்டாயம். சுமை தாங்காமல் தளம் அன்றே முடங்க, கட்டாயம் தள்ளிப்போனது. பில் இல்லாமல் லோடு கிளம்பாது என்றால், லாரித் தொழிலை நம்பிய நாமக்கல்லுக்கு அது சின்ன விஷயமல்ல. இரண்டாம் முறை நிதானம் வந்தது: ஏப்ரல் 1 முதல் மாநிலங்களுக்கிடையே மட்டும். உள்மாநிலச் சரக்குக்குக் கர்நாடகத்தில் தொடங்கிப் படிப்படியாக விரிந்து, தமிழ்நாட்டில் ஜூன் 2-இல், ரூ.1 லட்சம் வரம்புடன் நடைமுறையானது.