காரின் அடியில் துரு: மெழுகுப் பூச்சு யாருக்கு, எப்படி?

காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் பல வீடுகளில் கார் ஓடுவதைவிட நிற்பதே அதிகம். வாங்கியவர் வளைகுடாவில் இருப்பார், விடுப்பில் வரும்போதுதான் சாவியை எடுப்பார். "ஷெட்டில்தானே நிற்கிறது, துரு எங்கிருந்து வரும்?" என்று நாம் நினைக்கிறோம்.

உப்புக் காற்றிலிருந்துதான் வருகிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால், உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடற்கரையில் இரவு நேரத்தில் அந்த அளவு சர்வ சாதாரணம். ஆகவே காரின் அடியில் படிந்த உப்பு, மழை பெய்யாமலேயே இரும்பை நனைத்துக்கொண்டிருக்கும்.

இதற்கு நம் பக்கத்தில் பெரும்பாலும் அடிப்பது கறுப்பு நிற ரப்பர் அல்லது தார் வகைப் பூச்சு. புதிய காரில், சுத்தமான இரும்பின் மேல் அடித்தால் தவறில்லை. ஆனால் அது இறுகிவிடும் பொருள். கல் தெறித்தோ, வயதானதாலோ விரிசல் விட்டால், உள்ளே போன நீர் வெளியே வராது. மேலே பளிச்சென்று கறுப்பாக இருக்கும், அடியில் தகடு செதில் செதிலாக உதிரும்.

மெழுகுப் பூச்சு முழுதாக இறுகாது. தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று சேரும் இடுக்குகளில் ஊர்ந்து போகும், நீரை ஒட்டவிடாது. ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் லனோலின் கலந்தவை இன்னும் மென்மையானவை. அந்த மென்மையே இதன் குறையும்கூட. சக்கரத்துக்கு மேலே உள்ள பகுதியில் தண்ணீரும் மணலும் அடித்து அடித்துக் கரைந்துவிடும். எனவே வருடம் ஒருமுறை பார்த்து, தேய்ந்த இடத்தில் மீண்டும் அடிக்க வேண்டும்.

அடிப்பதற்கு முன் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். நம் ஊர்களில் பல போர்களில் உப்புத் தண்ணீர்தான். அதில் கழுவுவதைவிடக் கழுவாமல் விடுவதே மேல். உதிரும் துருவைக் கம்பி பிரஷால் தேய்த்து, முழுதாகக் காயவிட்ட பிறகே பூச்சு. கதவின் கீழ் விளிம்பு, கதவுக்கு அடியில் ஓடும் பெட்டி போன்ற பகுதி ஆகியவை உள்ளிருந்து அரிப்பவை. அங்கே நீண்ட குழாய் வழியாக மெழுகைச் செலுத்த வேண்டும். நீர் வடியும் துளைகளை அடைத்துவிடக் கூடாது. பிரேக், சைலன்சர், ரப்பர் புஷ்கள் மீது படக் கூடாது. பிறகு எப்போதாவது வெல்டிங் செய்ய நேர்ந்தால் டிங்கரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், மெழுகு தீப்பிடிக்கும்.

இன்னொன்று. பழைய காரை விற்கும் முன் துருவின் மேல் கறுப்புப் பூச்சு அடித்து மறைப்பது சந்தையில் சகஜமாகிவிட்டது. தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு வியாபாரியைக் கண்டித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. இதுவும் அதே ஈரம்தான். அடித்தால், துரு இருந்ததை வாங்குபவரிடம் சொல்லியாக வேண்டும்.

வாங்கும் சகோதரர்கள் காரை ராம்ப்பில் ஏற்றச் சொல்லி, விற்பவரின் அனுமதியுடன் ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். மொத்தென்று கேட்டாலோ உள்வாங்கினாலோ, விலை பேசும் முன் அந்தப் பூச்சைச் சுரண்டிக் காட்டச் சொல்லுங்கள்.