ஆட்டோமேட்டிக் காரா, மேனுவல் காரா? வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

கொல்கத்தா: புதிய கார் வாங்குவோர் முன்பு விலை, மைலேஜ், இருக்கை வசதி ஆகியவற்றையே முதலில் விசாரித்தனர். இப்போது ஆட்டோமேட்டிக்கா, மேனுவலா என்ற கேள்வியும் அவற்றோடு சேர்ந்துள்ளது. கொல்கத்தா போன்ற நெரிசல் மிகுந்த நகரங்களில் இத்தேர்வு ஓட்டுநரின் அன்றாட உடல் உழைப்பையே தீர்மானிக்கிறது.

டாம்டாம் நிறுவனத்தின் 2024-ஆம் ஆண்டுக்கான போக்குவரத்துக் குறியீட்டின்படி, கொல்கத்தாவில் 10 கிலோமீட்டர் தொலைவைக் கடக்கச் சராசரியாக 34 நிமிடம் 33 விநாடிகள் ஆகின்றன. அதாவது மணிக்கு 18 கிலோமீட்டருக்கும் குறைவான வேகம். இவ்வேகத்தில் மேனுவல் கார் ஓட்டுபவர் கிளட்சை மிதிப்பதும் விடுவதுமாகவே பயணத்தைக் கழிக்க நேரிடும்.

2014: ஒன்று முடிந்தது, ஒன்று தொடங்கியது

கொல்கத்தாவை அடுத்த உத்தர்பாடாவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த அம்பாசிடர், மேனுவல் காலத்தின் அடையாளமாகத் திகழ்ந்தது. நகரின் மஞ்சள் டாக்ஸிகளாக ஓடியதும் இக்காரே. அதன் பழைய மாடல்களில் கியர் லீவர் ஸ்டீயரிங் தண்டிலேயே பொருத்தப்பட்டிருந்தது. 2014 மே மாதத்தில் அதன் உற்பத்தி நிறுத்தப்பட்டது.

அதே ஆண்டு பிப்ரவரியில், ஏஎம்டி எனப்படும் தொழில்நுட்பத்துடன் மாருதி சுசூகி செலேரியோ அறிமுகமானது. அதுவரை பெரும்பாலும் விலை உயர்ந்த கார்களுக்கே உரியதாக இருந்த கிளட்ச் இல்லாத ஓட்டம், சிறிய கார் வாங்குவோருக்கும் எட்டியது.

நான்கு வகைகள்

ஏஎம்டி: மேனுவல் கியர்பாக்ஸே இதன் அடிப்படை. கிளட்சையும் கியரையும் இயந்திரமே இயக்கும். விலை குறைவு, மைலேஜும் மேனுவலுக்கு நெருக்கமாகவே இருக்கும். கியர் மாறும்போது சிறு தயக்கம் தெரியலாம்.

டார்க் கன்வெர்ட்டர்: என்ஜின் விசையைத் திரவத்தின் வழியே கடத்தும் பழைய, உறுதியான முறை. ஓட்டம் மென்மையாக இருக்கும். எரிபொருள் சற்றே கூடுதலாகச் செலவாகும்.

சிவிடி: தனித்தனிக் கியர்கள் இல்லை. பெல்ட்டும் விட்டம் மாறும் கப்பிகளும் வேகத்தைச் சீராக மாற்றுகின்றன. நகரப் பயணத்திற்கு ஏற்றது.

டிசிடி: இரண்டு கிளட்ச்கள் மாறி மாறி இயங்குவதால் கியர் விரைவாக மாறும். உலர் கிளட்ச் உள்ள மாடல்கள் நீடித்த நெரிசலில் சூடாகக்கூடும். பழுதுபார்க்கும் செலவும் அதிகம்.

மேனுவலின் பலம்

வாங்கும் விலையும் பராமரிப்புச் செலவும் மேனுவலில் குறைவு. பேட்டரி இறங்கிவிட்டால் பொதுவாகத் தள்ளி ஸ்டார்ட் செய்ய இயலும். ஆட்டோமேட்டிக்கில் அது இயலாது. ஆட்டோமேட்டிக் கார் பழுதாகி நின்றால், என்ஜினால் இயங்கும் சக்கரங்கள் தரையில் உருளும்படி இழுத்துச் செல்வதும் கூடாது. மழைக்காலத்தில் நீர் தேங்கும் கொல்கத்தாவில் இது நினைவில் கொள்ள வேண்டிய செய்தி.

டார்ஜிலிங் போன்ற மலைச்சாலைகளில் இறங்கும்போது குறைந்த கியரில் வைத்து என்ஜினாலேயே வேகத்தைக் கட்டுப்படுத்துவது மேனுவலில் எளிது. ஆட்டோமேட்டிக் வாங்குவோர் குறைந்த கியரைத் தாமே தேர்ந்தெடுக்கும் வசதி உள்ளதா எனப் பார்க்க வேண்டும். மேம்பால ஏற்றங்களில் கார் பின்னோக்கி உருளாமல் தடுக்கும் ஹில் ஹோல்டு வசதியும் அவசியம்.

உரிமத்தில் வேறுபாடு உண்டா?

இந்தியாவில் இருசக்கர வாகனங்களுக்கு கியர் உள்ளவை, இல்லாதவை எனத் தனித்தனி உரிம வகைகள் உண்டு. கார்கள் இலகு ரக வாகனம் என்ற ஒரே வகையில் அடங்கும். சிங்கப்பூரில் ஆட்டோமேட்டிக் காருக்கு மட்டும் 3ஏ என்ற தனி உரிமம் வழங்கப்படுகிறது; அதைப் பெற்றவர் அங்கு மேனுவல் கார் ஓட்ட முடியாது. வெளிநாடு செல்லத் திட்டமிடுவோர் மேனுவல் கற்றிருப்பது பயன் தரும்.

எதைத் தேர்வு செய்வது?

நாள்தோறும் நெரிசலில் செல்வோர், மூட்டுவலி உள்ளோர், புதிதாக ஓட்டப் பழகுவோர் ஆகியோருக்கு ஆட்டோமேட்டிக் பொருந்தும். நெடுஞ்சாலைப் பயணம் அதிகமுள்ளோரும், சர்வீஸ் மையங்கள் குறைந்த ஊர்களில் வசிப்போரும், செலவைக் குறைக்க விரும்புவோரும் மேனுவலைத் தேர்வு செய்யலாம். எதுவாயினும் வாங்கும் முன், காலியான சாலையில் அன்றி, நெரிசல் நேரத்திலும் மேம்பால ஏற்றத்திலும் ஓட்டிப் பார்த்து முடிவெடுப்பது நல்லது.