ட்வீடு நீதிமன்றமும் நியூயார்க்கின் கணக்கேடுகளும்

நியூயார்க்கின் தம்மனி மன்றத் தலைவர் வில்லியம் ட்வீடு நகராட்சியைத் தம் கைக்குள் வைத்திருந்த காலம். 1861-இல் தொடங்கிய நீதிமன்றக் கட்டடத்துக்கு முதலில் வகுத்த தொகை 2,50,000 டாலர். முடிவில் ஆனதோ ஒரு கோடியை விஞ்சியதென மதிப்பிடுவர். சுதைப்பூச்சுக்காரர் ஒருவர்க்கு இரண்டு நாள் வேலைக்கு 1,33,187 டாலர் வழங்கியதாகக் கணக்குண்டு. இரண்டே நாள்!

ஈண்டுக் களவு கணக்குக்குப் புறம்பே நிகழவில்லை. கணக்கின் உள்ளேயே நிகழ்ந்தது. ஒப்பந்தக்காரர் பட்டியலைப் பெருக்கி எழுதுவர். மிகுதொகை ட்வீடு குழுவினர்க்குத் திரும்பும். ஆதலின், கணக்கர் ஒருவர் எடுத்த படிகள் 1871 சூலையில் நியூயார்க் டைம்சு இதழில் அச்சேறியபோது மறுப்புக்கு இடமில்லாது போயிற்று. தாமசு நாஸ்டின் கேலிப்படங்களே ட்வீடை வீழ்த்தின என்பாரும் உளர். யாம் அப்படிகளையே வலிய சான்றெனக் கொள்வோம்.

1873-இல் ட்வீடு குற்றவாளியெனத் தீர்ப்புப் பெற்றது, முற்றுப்பெறாத அக்கட்டடத்திலேயே. 1878-இல் அவர் சிறையில் இறந்தார்; கட்டடவேலை 1881-இல்தான் முடிந்தது.