சங்கு குளித்தலும் சர்க்கார் உரிமமும்

வங்கநாட்டில் குடியேறி வாழும் நாம் அன்றாடம் காணும் காட்சி ஒன்றுண்டு. மணமான வங்கப் பெண்டிரின் கைகளில் வெண்சங்கு வளை விளங்குகிறது. அவ்வளைக்குரிய சங்குகள் பலவும் நெடுங்காலமாக நம் தூத்துக்குடி, கீழக்கரைக் கடல்களிலிருந்தே டாக்காவுக்கும் கல்கத்தாவுக்கும் வந்தன என்பதை நம்மவருள் அறிந்தோர் சிலரே.

கடல்மீன் எவருக்கும் பொது. வலைவீசிப் பிடித்தவனுக்கே சொந்தம். ஆங்கிலேயர் ஆட்சியிலும் கட்டுமரமேறி மீன்பிடிக்க லைசென்ஸ் வேண்டியிருந்ததில்லை. சங்கும் முத்தும் அவ்வாறல்ல. பாண்டியர் நாளிலேயே முத்து அரசருக்குரிய செல்வமாயிருந்தது. 1658-இல் போர்த்துக்கீசியரிடமிருந்து தூத்துக்குடியைக் கைப்பற்றிய டச்சுக்காரரும், பின்வந்த ஆங்கிலேயரும் அவ்வுரிமையை விடாது பற்றிக்கொண்டனர்.

பாக் விரிகுடாவில் இராமநாதபுரம் கரையையடுத்த சங்குப் படுகைகள் அந்நாளில் அவ்வூர் அரசருடையவையாயிருந்தன. அங்கே அனுமதியின்றிச் சங்கெடுத்தது குற்றமா என்னும் வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. 1904-ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கையில் வெளியான தீர்ப்பு, அது திருட்டே ஆகும் என்றது. கடலடியில் ஊரும் உயிருக்கும் உடைமையாளர் உண்டென்றாயிற்று!

இதில் இழப்பு யாருக்கு? தூத்துக்குடிப் பரதவரும் கீழக்கரை முஸ்லிம்களும் மூச்சடக்கி மூழ்கி, உயிரைப் பணயம் வைத்துச் சங்கெடுத்தனர். சர்க்கார் படுகைகளில் அவர்க்குக் கிட்டியது சங்கு ஒன்றுக்கு இவ்வளவு என்ற கூலியே. ஆயினும் சர்க்கார் காவலில் ஒரு நன்மையும் இருந்தது. அளவுத் துளைக்குள் நுழையும் சிறு சங்குகளை உயிரோடு கடலிலேயே விட்டுவிடுவர். மீன்வளத் துறையைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1914-இல் எழுதிய சங்கு பற்றிய நூல், படுகை முதல் வங்கத்து வளைத் தொழில் வரை விரிவாய்க் கூறுகிறது. நம் சங்க நூலகத்தில் இருக்கத்தக்க நூல் அது.

மீனுக்கும் லைசென்ஸ் வந்தது பிற்காலத்தில்தான். விசைப்படகுகள் பெருகிக் கரையோரத்தையே வாரியள்ளவே, கட்டுமரக்காரர் வலைகள் அறுபட்டன. கடலில் கைகலப்பு மூண்டது. அதன் விளைவே தமிழ்நாட்டின் 1983-ஆம் ஆண்டுக் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம். விசைப்படகு பதிவு பெறவேண்டும், உரிமமும் பெறவேண்டும், கரையிலிருந்து குறிப்பிட்ட தொலைவுக்குள் அது மீன்பிடிக்கலாகாது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன் இனப்பெருக்கக் காலமென 61 நாள் விசைப்படகுகள் கரையிலேயே நிற்கும். பொறியில்லாக் கட்டுமரத்துக்கு அந்நாட்களிலும் தடையில்லை.