கவுன்சலிங் என்றொரு சொல்

ஆலோசனை என்று பொருள்படும் ‘கவுன்சலிங்’, தமிழ்நாட்டில் இன்ஜினீயரிங் சீட் எடுப்பதற்குப் பெயராகிவிட்டது. அரசுத் தமிழில் ‘கலந்தாய்வு’. கலந்து ஆராய அங்கே யார் இருந்தார்கள் என்று கேட்காதீர்கள்.

எங்கள் காலத்தில் பி.யூ.சி. முடித்தவனுக்கு ஆலோசகர் என்றால் தெருவில் முதலில் பட்டம் வாங்கியவர்தான். அவர் பி.எஸ்ஸி. என்றால் தெருவே பி.எஸ்ஸி. 1978இல் பிளஸ் டூ வந்தது. எந்த குரூப் என்ற முடிவு பதினைந்து வயதுப் பிள்ளையின் தலையில் விழுந்தது. 1984இல் நுழைவுத் தேர்வு. தொண்ணூறுகளில் ஒற்றைச் சாளர முறை.

அந்த முறையைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ரேங்க் வரிசைப்படி கூப்பிட்டார்கள், சிபாரிசு எடுபடவில்லை. ராத்திரி பஸ் ஏறி வந்த கூலிக்காரர் மகளும் கிண்டியில் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்தாள்.

தங்கை மகளோடு நானும் ஒருமுறை போனேன். திரையில் காலியிடங்கள் குறைந்துகொண்டே வந்தன. பக்கத்தில் இருந்த பெரியவர், “சார், இ.சி.இ.க்கும் இ.இ.இ.க்கும் என்ன வித்தியாசம்?” என்றார். அவர் பெண்ணுக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொல்வதற்குள் அவர்கள் முறை வந்துவிட்டது. அதைச் சொல்லித்தர அந்த அரங்கில் ஒரு மேசைகூட இல்லை. வாசலில் தனியார் கல்லூரி நோட்டீஸ்காரர்கள் மட்டும் பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தார்கள்.

2018இல் எல்லாம் ஆன்லைனுக்குப் போனது. 2022இல் அரசு ‘நான் முதல்வன்’ திட்டம் தொடங்கி, பள்ளியிலேயே வழிகாட்டத் தொடங்கியது. ஆனாலும் ஜூலை மாதம் எங்கள் ஊர் பிரவுசிங் சென்டருக்குப் போய்ப் பாருங்கள். விருப்பப் பட்டியலில் எது முதலில், எது இரண்டாவது என்று சொல்வது அங்கே டைப் அடிக்கும் தம்பிதான்.